மேகத்தைக் கூப்பிடும் நாள்

சொக்காயிரே என்ற மலைக் கிராமத்தில் அன்று வாய்க்கால் தூர்வாரும் நாள். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். தண்ணீர் திறப்பதற்குள் ஆள் வராத வீட்டுக்கு அந்த வருஷம் வயலுக்குத் தண்ணீர் விடுவதில் கடைசி முறைதான். வராஸ் குடும்பத்திலிருந்து போக வேண்டிய ஜாஸ்னாவோ, மலையடிவாரத்துத் தொலைநோக்கி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா எதெல்மிராவுக்குக் கையில் மாவுக்கட்டு. காலையிலேயே வந்து ஜாஸ்னாவை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டிய சக ஊழியன் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான்.

அந்தோஃபகாஸ்தா நகரத்தில் படித்து முடித்ததும் தாமிரச் சுரங்கத்தில் நல்ல வேலை கிடைத்தது. அதை வேண்டாமென்று விட்டு, ஊருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் அவள் இங்கே வந்தாள். பீடபூமியின் உச்சியில் நிற்கும் ஆன்டெனாக்களை இயக்குவது அவள் வேலை. அன்று அவை வெகு தொலைவிலிருந்த ஒரு சின்ன, இறுக்கமான கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதன் வாயு நடுவை நோக்கி ஓடிப் புது நட்சத்திரங்களுக்குத் தீனியாகிறதா, வெளியே வீசியடிக்கப்பட்டுப் போகிறதா என்று தெரிய வேண்டும். மறுநாள் ஆன்டெனாக்களை இடம் மாற்றிவிடுவார்கள். இன்று விட்டால் மறுபடி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

காற்றில் ஈரம் ஏறினால் பதிவு கெட்டுவிடும். ஊரிலோ தூர்வாரும் நாளில் மலைகளைப் பேர் சொல்லி அழைத்து, மேகத்தை அனுப்பச் சொல்லிப் பாடுவார்கள். அவளும் சின்ன வயதிலிருந்து பாடியவள்தான்.

மதியத்துக்குப் பிறகு திரையில் ஈரத்தின் கோடு மேலே ஏறத் தொடங்கியது.

"உங்க ஊர்ல பாட ஆரம்பிச்சுட்டாங்க போல," என்றான் அருகிலிருந்த வானியலாளன் ரென்சோ. அவள் சிரிக்கவில்லை. கோடு எல்லையைத் தொட்டுத் தொட்டு இறங்கியது.

"நிறுத்திடலாமா? நீ சொல்றதுதான் முடிவு."

நிறுத்தினால் இப்போதே கிளம்பலாம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பதிவு கெடுவதால் நிறுத்தத் தோன்றுகிறதா, போக வேண்டும் என்பதாலா? வேறொரு நாளாக இருந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தாள். காத்திருந்திருப்பாள்.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்," என்றாள்.

கோடு இறங்கியது. பதிவு முழுதாக முடிந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு ஊர் சேர்ந்தபோது வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

வாய்க்கால் தலைவர் தோன் அம்ப்ரோசியோ தொப்பியைக் கழற்றினார். "தண்ணி உன்ன முந்திடுச்சு பொண்ணே. உங்களுக்குக் கடைசி முறை. என் கையில ஒண்ணும் இல்ல."

"மேகத்த வெரட்டுற பொண்ணு வந்துட்டா, வழி விடுங்க," என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டில் சேறு. இடது கையால் முயன்று பார்த்திருக்கிறாள். போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"நீ பாத்த எடத்துலயாவது தண்ணி ஓடுதா?"

"தண்ணி இல்லம்மா, வாயு. ஓடுது. உள்ளயா வெளியயான்னு கணக்குப் போட்டாத்தான் தெரியும்."

"அதுகூடத் தெரியாமலா என் சோளத்தக் காய விட்ட?"

ஜாஸ்னா அம்மாவின் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தங்கள் வயலுக்குப் பிரியும் கிளை வாய்க்காலில் இறங்கினாள். அதை யாரும் தூர்வாரியிருக்கவில்லை. கடைசியாக வரும் தண்ணீர் கல்லிலும் மண்ணிலும் தேங்கிவிடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு வார ஆரம்பித்தாள்.