தம்பி முகத்தில் செய்த டச்சிங்

என்னைப் போல ஒரு மடையன் பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் இருந்திருக்க முடியாது. மனுஷ முகத்தை ஆண்டவன் அரைகுறையாக விட்டுவிட்டான், மீதியை நான்தான் முடித்துக் கொடுக்கிறேன் என்று நம்பிக்கொண்டு வருஷக்கணக்கில் போட்டோ பிடித்தவன் நான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் எதிரே இருப்பவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். ஆடினால் இன்னொரு பிளேட்டுக்கும் காசு கேட்பானே என்ற பயம் அது.

போகிக்கு முந்தின நாள் கடையைத் திறப்பதில்லை. அந்த வருஷம் படம் விழுந்த கண்ணாடி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேறாததைக் கழித்துப் போடுவேன். வருகிற வருஷம் என்ன செய்வது என்று தீர்மானம் போடுவதும் அன்றைக்குத்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வருஷம், மூன்று தீர்மானம் போட்டேன்.

முதலாவது, செம்பரம்பாக்கம் ஏரியில் நாரைக் கூட்டம் கிளம்பிப் பறப்பதைப் படம் பிடிப்பது. மாட்டுவண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு போய் முழங்கால் சேற்றில் நின்றேன். வெயில் ஏறும்வரை நாரைகள் அசையவில்லை. நான் எல்லாவற்றையும் கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு சாவகாசமாக எழும்பிப் போயின. இரண்டாவது, சிரிக்கிற முகம் ஒன்றையாவது எடுப்பது. எங்கள் பக்கத்து ஜனங்கள் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தது போலத்தான் போட்டோவுக்கு வந்து உட்காருவார்கள். சிரிக்க வைக்கலாம் என்று நான் கதை சொல்வேன். கடைசியில் நான் மட்டும் சிரிப்பேன், கேமரா ஆடிவிடும்.

மூன்றாவது, டச்சிங்கில் பட்டணத்து ஸ்டூடியோக்காரர்களை மிஞ்சுவது. பலித்தது அது ஒன்றுதான். பலிக்காமல் போயிருக்கலாம்.

டச்சிங் என்றால் வேறொன்றும் இல்லை. பிளேட்டில் விழுந்த முகத்தைத் திருத்துவது. அம்மைக் குழிகளைக் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து அடைப்பேன். பளபளக்கிற தழும்பாக இருந்தால் மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவேன். என் படத்தைப் பார்த்துச் சம்மதித்துவிட்டு, முகூர்த்தத்தன்று பந்தலில் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த பெண் வீட்டார்கூட உண்டு. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷந்தான் என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்தான். அவனுக்குச் சின்ன வயசில் அம்மை போட்டிருந்தது. போதாததற்குக் காத்தாடி விடும்போது மாஞ்சா நூல் அறுத்து உதட்டோரம் ஒரு கோடு. சிரித்தால் வாய் அந்தப் பக்கம் லேசாகக் கோணும். ஆவடியிலிருந்து லீவில் வந்தவன் காக்கி உடுப்போடு கேமரா முன்னால் உட்கார்ந்தான்.

"இன்னாண்ணா, என்னிய வெள்ளக்காரனாக்கிடுவியா?"

"ஆடாம குந்துடா. உன் மூஞ்சிக்கு ஒரு பென்சில் பத்தாது."

தம்பியாயிற்றே என்று வேறு எந்த முகத்துக்கும் செலவழிக்காத நேரத்தை அதற்குச் செலவழித்தேன். ஒரு குழி விடவில்லை, ஒரு கோடு விடவில்லை. அவனை ரயிலேற்ற ஆவடி ஸ்டேஷனுக்குப் போனபோது படத்தைக் கையில் கொடுத்தேன். அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள், ஆறு மாசக் கர்ப்பம். படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தான்.

"யார்ணா இவன், ஷோக்கா கீறான். இவனையே சண்டைக்கு அனுப்பிடு. நான் ஊட்டோட கீறேன்."

எல்லாருமாகச் சிரித்தோம். படத்தை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டான். அடுத்த ஐப்பசியில் தந்தி வந்தது. பர்மா பக்கத்தில் எங்கேயோ, அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

அவன் உயிரோடு இருந்த காலத்தில் எடுத்த ஒரே படம் அதுதான்.

அந்தப் போகிக்கு முந்தின நாளும் பழக்க தோஷத்தில் பிளேட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்னீர்குப்பத்தில் தாய்வீட்டில் இருந்த தம்பி பெண்டாட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். முந்தானையில் சுற்றியிருந்த படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, உன் நைனா இவருதான்னு பாப்பாவுக்குக் காட்டிகினு கீறேன். காட்டிக் காட்டி எனக்கே அவரு மூஞ்சி மறந்துடும் போலக்கீது. கண்ண மூடினா இந்த வழவழப்பு மூஞ்சிதான் வர்து. தழும்பெல்லாம் இருந்தபடிக்கே வச்சிக் குடுங்க."

அழகாக்கிக் கொடு என்று கேட்டு வந்தவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். வருகிற வருஷத்துக்கு நாரையும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம், இது ஒன்றுதான் வேலை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு அவன் பிளேட்டைத் தேடி எடுத்தேன்.

பென்சிலால் அடைத்ததைத் துடைக்க முடியும். டர்பன்டைனில் பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றினேன். கன்னத்தில் ஒரு குழி, நெற்றியில் இரண்டு, மூக்கின் மேல் ஒன்று. எண்ணெய் வைத்துத் தலை சீவின தம்பி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது போல இருந்தது. பிளேட்டின் கீழே காகிதத்தை வைத்துச் சட்டத்தில் அடைத்து வெயிலில் சாய்த்தேன். அவள் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். காகிதம் கறுக்கக் கறுக்க முகம் எழும்பி வந்தது. படத்தை வெளியே எடுத்துக் கொடுத்ததும் அவள் ஒவ்வொரு குழியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்து, உதட்டுக்குக் கீழே நிறுத்தினாள்.

"சிரிச்சா கோணிக்குமே, அந்தக் கோடு எங்க மாமா?"

அது பென்சில் வேலை இல்லை. கத்தி வேலை. சுரண்டி எடுத்தது ஊதிய தூளோடு போய்விட்டது. அதை அவளிடம் சொன்னேன். பிறகு, பெரிய கெட்டிக்காரன் அல்லவா, சின்னத் தூரிகை இருக்கிறது, படத்தின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். மையைக் குழைத்துத் தூரிகையைத் தொட்டு எடுத்தேன்.

கை அங்கேயே நின்றது. கேமராவின் பின்கண்ணாடியில் மனுஷர்களைத் தலைகீழாக, வலம் இடமாகப் பார்த்தே பழகின கண் எனக்கு. பிளேட்டை இப்படித் திருப்பினால் ஒரு பக்கம், அப்படித் திருப்பினால் மறு பக்கம். பென்சிலும் கத்தியுமாக நாட்கணக்கில் அந்த முகத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தவன் நான். அந்தக் கோட்டின் தடம் துளிகூடத் தெரியாதபடி அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

"எந்தப் பக்கம்மா இருந்திச்சி அது? சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தது நீங்கதானே மாமா."