பனிக்கடியில் வாழும் சிலந்தி

அறுபதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை.

பக்கத்து வீட்டில் ரிட்டயரான தலைமையாசிரியை ஒருவர் தனியாக இருந்தார். சிலந்தி ஆராய்ச்சிக்காக வடக்கே ஒரு குளிர் தேசத்துக்குப் போன அவருடைய ஒரே மகன் திடீரென்று இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து அவன் சாமான்கள் கப்பலில் வந்தன. மறுநாள் மத்தியானம் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். மே மாத வெயிலில் எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் சாராய நெடி மூக்கில் ஏறியது.

மேஜைமேல் ஒரு மரப்பெட்டி. அதில் விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள். பாதிக்கு மேற்பட்டவை காலி, மற்றவற்றில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

"கொல்லைல கொட்டிட்டு இருக்கேன்மா. நெஞ்சு தாங்கல," என்றார். மதுவிலக்கு இருந்த காலம். அவரோ சர்ச்சில் குடிக்கு எதிராகக் கூட்டம் போடுகிறவர். "குடிச்சுதான் செத்தானா? நீ சயின்ஸ் படிச்சவ, ஒளிக்காம சொல்லு."

"ஐயோ டீச்சர்! பூச்சி கெடாம இருக்க ஊத்தி வைக்கிற ஸ்பிரிட் இது. எங்க ஸ்கூல் லேப்லயும் இருக்கு," என்று கத்தியேவிட்டேன். வீட்டுக்கு ஓடி பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, மீதியிருந்த குழாய் ஒன்றைக் காட்டினேன். அடியில் எள்ளளவு சிலந்திகள். வெறுங்கண்ணுக்குத் தூசி மாதிரிதான் இருக்கும், அவருக்கு எப்படித் தெரியும்?

"அப்போ எம் புள்ள குடிக்கல," என்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனார். கொட்டிய இடத்தில் மண்டியிட்டு ஈரமண்ணை விரலால் கிளற ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். ஒரு சிலந்திகூடக் கிடைக்கவில்லை.

"அந்தக் குளிர்ல இது எப்டிம்மா இருக்கும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாசிக்குள் விரிப்பு மாதிரி வலை கட்டி அதனடியில் தலைகீழாகத் தொங்கும், மேலே பனி மூடினாலும் கீழே உயிரோடு இருக்கும் என்றேன்.

"இத்துனூண்டு உசுரு பொழச்சிக்குது. எம் புள்ளைக்கு முடியலையே," என்றார். தந்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், என் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்.

இன்றும் துக்க வீட்டுக்குப் போனால் நான் ஆறுதல் சொல்வதில்லை. யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வி ஏதாவது அவர்களுக்குள் இருந்தால் கேட்கட்டும் என்று, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.