கார்த்திகைக்குப் பிறகு தை

டைப்ரைட்டர் ரிப்பன் மையும் ரசவடையும் சேர்ந்து ஒரு வாசனை உண்டு. வடசேரியில் லீலாவின் டைப்பிங் சென்டர் அப்படித்தான் மணக்கும். மை அவளுடையது, ரசவடை பக்கத்துக் கடையுடையது. என் பிஎச்.டி. தீசிஸ் முழுக்க அந்த வாசனையில்தான் உருவானது...

சட்ட வரலாறு என்றால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு விளங்காது. வக்கீலுக்குப் படித்துவிட்டு கோர்ட்டுக்குப் போகாமல் செத்தவர்களின் கேஸைப் படிக்கிறாளே என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பார்கள். நானோ ரெக்கார்டு ரூமில் திருவிதாங்கூர் காலத்துக் கட்டுகளை அவிழ்த்து, தும்மித் தும்மிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் பகவதியம்மாள் கிடைத்தாள்.

அந்தக் காலத்தில் இங்கே சில குடும்பங்களில் ஆண் செத்தால் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவியும் மக்களும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதுதான். பகவதியம்மாள் இறங்கவில்லை. வீடு எனக்குத்தான் என்று கணவனின் சகோதரி பிள்ளைகள்மேல் கேஸ் போட்டாள்.

மனுவின் முதல் பக்கம் செல்லரித்துப் போயிருந்தது. ஆனால் கேஸ் போட்டது கார்த்திகை என்றும், கணவர் இறந்தது தை என்றும் வேறு தாள்களில் இருந்தது. இரண்டும் ஒரே கொல்லம் ஆண்டு, அதாவது திருவிதாங்கூரின் பழைய வருஷக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கூட்டி இங்கிலீஷ் வருஷம் ஆக்கினேன். தை என்றால் ஜனவரி, கார்த்திகை என்றால் நவம்பர். ஆக, கணவர் செத்துப் பத்து மாதம் கழித்து, யாரும் துணையில்லாமல் தனியாகக் கோர்ட் ஏறிய விதவை!

அந்த அத்தியாயத்தை அழுதுகொண்டே எழுதினேன். வெட்கம் என்ன, சொல்லிவிடுகிறேன்... நான் எழுதியது எங்கள் அம்மாவைத்தான். எனக்கு எட்டு வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் அப்பாவின் ஆட்கள் வீடு கேட்டு வந்தார்கள். அம்மா ஒற்றையாக நின்று பேசி அனுப்பினாள். ஒரு ஏற்பாடும் செய்யாமல் போனவர் என்று அப்பாமேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் முப்பது வயதுவரை இறங்கவே இல்லை.

கைடு அந்த அத்தியாயத்தைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதை வைத்து லா காலேஜ் வேலைகூடக் கிடைத்துவிடும் போலிருந்தது. சப்மிட் பண்ண நான்கு நாள்தான் பாக்கி.

லீலா டைப் அடிப்பதைச் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கு என் வயதுதான். பகலெல்லாம் பத்திர எழுத்தர்களுக்கு, கொல்லம் ஆண்டு போட்ட பழைய பத்திரங்களை நகல் அடித்துக் கொடுப்பவள்.

"ஏட்டி, கொல்லம் வருசம் ஆவணியிலல்லா பொறக்கும்? கார்த்திகைக்குப் பொறவுதான தை வரும்? இவ கேஸ் போட்டப்ப அந்த ஆளு உசுரோட இருந்திருக்காரு."

எனக்கு வந்த ஆத்திரம்! உன் வேலை டைப் அடிப்பது, அதைப் பார் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு ரசவடை வாங்கப் போய்விட்டாள்.

விரல்விட்டு எண்ணினேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை... அவள் சொன்னதுதான் சரி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஆவணி ஒன்றாம் தேதி மறந்துபோயிருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாள் காலையில் ரெக்கார்டு ரூமில் போய், அந்தக் கேஸின் இரண்டாவது கட்டைக் கேட்டேன். வெறும் சாட்சி மொழிதானே என்று அதுவரை நான் தொடாத கட்டு. முதல் சாட்சி, கணவர். எழுந்து வர முடியாத அளவுக்கு நோய் என்பதால் கோர்ட்டிலிருந்து கமிஷன் வீட்டுக்கே போய் எழுதி எடுத்திருக்கிறது. வீடு தன் சொந்த உழைப்பில் கட்டியது, தான் கண் மூடினால் இவளை இறக்கிவிடுவார்கள், அதனால் இருக்கும்போதே கேஸ் போடச் சொன்னதும் தான்தான் என்று சொல்லியிருக்கிறார். கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. பெயரின் கடைசி எழுத்தை முடிக்கவே அவருக்குத் தெம்பில்லை.



சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அத்தியாயம் போச்சு, வேலையும் போச்சு, பகவதியம்மாள் தனியாகவே நிற்கவில்லையாம், கேஸ் போடச் சொன்னதே படுக்கையில் கிடந்த புருஷன்தானாம் என்று. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பாவும் அப்படித்தான் மக்கா. படுத்த படுக்கையா கெடந்தப்ப, ரெஜிஸ்ட்ராரை வீட்டுக்கு வரவச்சு வீட்டை எம்பேர்ல எழுதினாரு. அந்தப் பத்திரத்தக் காட்டித்தான் அவங்கள அனுப்பிச்சேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியே."

ஊரார் கேஸையெல்லாம் கிளறிப் படித்தவள், சொந்த வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதில்லை. அன்றைக்கு அம்மா மடியில் தலைவைத்து அழுத அழுகை, அப்பா செத்தன்றுகூட நான் அழாதது.

மூன்று நாளில் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். லீலா இரண்டு இரவும் பகலும் அடித்துக் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "ஏட்டி, போ. அடுத்த பக்கத்தத் தா" என்றாள். நன்றிப் பக்கத்தில் கைடுக்கும் முன்னால் அவள் பெயர்தான். அந்த வருஷம் வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம்தான் கிடைத்தது.

இப்போது அந்தக் கட்டுகளில் பாதியை ஸ்கேன் பண்ணிவிட்டார்கள். தும்மல் கிடையாது. கொல்லம் ஆண்டைப் போட்டால் இங்கிலீஷ் தேதியை மொபைலே சொல்லிவிடுகிறது. டைப்பிங் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கடை. லீலா மகளோடு துபாயில் இருக்கிறாள், ஆவணி ஒன்றாம் தேதி தவறாமல் ஒரு மெசேஜ் போடுவாள், "ஏட்டி, கணக்கு சரியா?" என்று.

நான் இன்னும் விரல்விட்டுத்தான் எண்ணுகிறேன். மேடத்துக்கு ஆப் தெரியாது போல என்று ஸ்டூடன்ட்ஸ் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி... கார்த்திகை வந்ததும் விரல் கொஞ்சம் நின்றுவிடும். தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த மனிதர் உயிரோடுதான் இருக்கிறார், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் அப்பாவும்தான்.