மஞ்சள் தண்ணீர் குடித்த கியர் கம்ப்யூட்டரோடு நாட்டரசன்கோட்டைக்கு

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு வெளியில் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி வள்ளியும் திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக நாட்டரசன்கோட்டைக்குப் போனோம். என் தங்கை முத்துமீனாவின் மகளுக்கு அங்கே அம்மன் கோயிலில் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் சோலை, அதாவது நான்.

அதில் ஒரு போட்டி இருந்தது. என் பெரியப்பா மகன் சுந்தரம் சென்னையிலிருந்து முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார். முறைக்கு அவரும் மாமன்தான், அவருக்கும் மடி உண்டு. "சோலை வராட்டி என்ன, நான் இல்லையா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் முன்பே எழுதிவைத்த மனிதர். நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. அதற்குள் நான் போகாவிட்டால் குழந்தை அவர் மடியில். காலத்துக்கும் ஆல்பத்தில் அவர் முகம்.

இப்போது வண்டியைப் பற்றி. வாங்கி ஒன்றரை வருடம். கியர் தானாக மாறும், அதை மாற்றுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி. பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது என்றாலும் இயந்திரம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஷோரூமில் எனக்கு விளக்கம் சொன்ன பொறியாளரே கடைசியில் என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டார். அப்படிப்பட்ட நான் வாங்கிய வண்டி, இதற்கு முன்பே மூன்று தடவை நடுரோட்டில் விக்கியது. மூன்று தடவையும் சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்: "சாப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் சார்." காய்ச்சலோடு போனவனுக்குச் சட்டையை மாற்றி அனுப்பிய மாதிரி.

ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் நானே ஒரு முடிவெடுத்தேன். எல்லோரும் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுகிறார்கள். வண்டியின் மூளை டயரிலா இருக்கிறது? பானெட்டைத் திறந்தேன். அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மனதாரத் தெளித்தேன். வள்ளி அதை ஊற்றினேன் என்பாள். தெளித்தேன்.

காலை ஐந்தரைக்குத் திருச்சியை விட்டோம். புதுக்கோட்டை வரை சாலை பட்டுப்போல இருக்கிறது. அதுவரை என்னை முந்த எந்தப் பேருந்துக்கும் தைரியம் வரவில்லை. திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. முன்னால் எல்லா விளக்கும் எரிந்து, டேஷ்போர்டு திருவிழாப் பந்தல் ஆனது. அதற்குமேல் கியர் ஏறவில்லை, இறங்கவில்லை. கோளாறு வந்தால் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் முடங்கிவிடுமாம். அதற்கு லிம்ப் மோட் என்று பெயர். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், நம்மை யார் காப்பாற்றுவது?

காரைக்குடியில் சீருக்குச் சொல்லிவைத்த முறுக்கையும் சீடையையும் வாங்கிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தால், நகரவே இல்லை. ரிவர்ஸும் போய்விட்டது. தெருக்காரர்கள் நாலு பேர் தள்ளித் திருப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் ஷெட். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது என் அதிர்ஷ்டம். மெக்கானிக் பெட்டியின் இணைப்பைக் கழற்றினார், விரலைப் பார்த்தார், முகர்ந்தார்.

"அண்ணே, இது காரா, கருப்பண்ணசாமியா? உள்ள பூராம் மஞ்சத்தண்ணி!"

"பூசை போட்டோம்ப்பா."

"டயருக்கு அடியில பழம் வைப்பாக, பாத்துருக்கேன். கம்ப்யூட்டருக்கு அபிஷேகம் பண்ணுன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். பஞ்சாமிர்தம் ஊத்தலையா?"

"வீட்டுல பழம் தீந்துபோச்சு தம்பி," என்றாள் வள்ளி. "இல்லாட்டி அதையும் ஊத்தியிருப்பாக."

காற்றடித்து, துடைத்து, ஒரு சின்னத் திரையுள்ள கருவியை மாட்டி, கோளாறுகளை அழித்தார். அழிக்க அழிக்கப் புதிதாக முளைத்தது. கடைசியில் சொன்னார்: "முன்னால போகும். ரிவர்ஸ் வராது, பார்க்கிங்கும் நியூட்ரலும் விழுகாது. எஞ்சின அமத்துனீகன்னா மறுபடி எந்திரிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஹேண்ட் பிரேக்?"

"அதுவும் பொத்தான்தானண்ணே? அதுவும் அந்தப் பொட்டிகிட்டத்தான் கேக்கும்."

நானூறு ரூபாய் வாங்கினார். சிரித்ததற்குத் தனியாக வாங்கவில்லை.

"ஏங்க, வாடகைக் கார்ல போயிருவோம்," என்றாள் வள்ளி. இரண்டு இடத்தில் போனில் கேட்டோம். முகூர்த்த நாள், ஒன்றும் இல்லை. இருந்தாலும் சுந்தரத்துக்கு முன்னால் வாடகைக் காரிலா போய் இறங்குவேன்? அப்போதே தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, எங்குட்டு வாரீக? ஆசாரி வந்துட்டாரு. சுந்தரம் அண்ணன் பட்டு வேட்டி கட்டிப் பலகைக்குப் பக்கத்துலயே நிக்கிறாக."

"இந்தா, நாட்டரசன்கோட்டை எல்லைக்கு வந்துட்டேன்," என்றேன். காரைக்குடி எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.

கல்லல் வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். முப்பத்தைந்துக்கு மேல் வண்டி போகாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எங்களைத் தாண்டியது. வைக்கோல்மேல் படுத்திருந்தவர் கையசைத்தார். வழியில் ரயில்வே கேட் வேறு. அங்கே நின்ற நேரமெல்லாம் கால் பிரேக்கிலேயே, ஏனென்றால் காலை எடுத்தால் வண்டி ரயிலை வரவேற்கப் போய்விடும். இந்த வித்தையைச் செய்து காட்ட சிவகங்கை மாவட்டத்தில் இன்னொருவர் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

பத்து பத்துக்குக் கோயில் முன்னால் நின்றோம். பிரேக்கை மிதித்தபடியே நான். முன்னால் தேங்காய்க் கடை, அதற்கு அப்பால் சீர்த்தட்டோடு பெண்கள். வள்ளி தட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். முத்துமீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே சுந்தரம்.

"அண்ணே, இறங்கி வாங்க! நேரமாகுது."

"நான் இறங்குனா வண்டியும் வரும்மா."

விஷயத்தைச் சொன்னேன். தங்கை கணவருக்கு இரண்டு சக்கரத்துக்கு மேல் ஓட்டத் தெரியாது. மற்றவர்களும் பின்வாங்கினார்கள். சுந்தரத்துக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"தெரியாத வண்டிய ஏண்டா வாங்குற? பத்து வருசமா ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுறேன், ஒரு நாள் ஒரு தொந்தரவு உண்டா? இந்த வண்டியெல்லாம் ஒரு காலால அடக்குவேன்."

"அப்பச் சரிண்ணே," என்றாள் முத்துமீனா. "நீங்க வந்து ஒரு காலால மிதிங்க. அண்ணன் இறங்கட்டும்."

கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது. இனி அவர் எப்படி மாட்டேன் என்பது? தேங்காய்க் கடைக்காரர், "டயருக்கு ரெண்டு கல்லக் குடுத்து எஞ்சின அமத்துங்கப்பா!" என்று கத்தினார். கோயில் மேளச் சத்தத்தில் அது என் காதில் விழவில்லை. சுந்தரம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மறுபக்கமாக ஏறி, என் காலுக்குப் பக்கத்தில் காலை நுழைத்தார். நான் காலை எடுத்த கணத்தில் வண்டி அரையடி நகர்ந்தது. தேங்காய்க் கடைக்காரர் அம்மனைக் கூப்பிட்டார். அம்மன் காப்பாற்றினாள்.

பத்து இருபத்துநாலுக்கு என் மடியில் குழந்தை. ஆசாரி வலது காதைக் குத்தினார், குழந்தை வீறிட்டது. இடது காதைக் குத்தும்போது வெளியிலிருந்து நீளமாக ஒரு ஹாரன். நல்ல சகுனம் என்றேன்.

பந்தி முடிந்து பாயசத்தை வண்டிக்கே கொண்டுபோனேன்.

"டேய் சோலை, கால் மரத்துப்போச்சுடா!"

"இன்னும் செத்த நேரம்ணே. கம்ப்யூட்டர் சூடாறட்டும்."

பிறகு நானே இரண்டு கல் தேடிப் போட்டு, எஞ்சினை அமர்த்தினேன். மெக்கானிக் சொன்னது போலவே அது எழுந்திருக்கவில்லை. மறுநாள் இழுவை வண்டியில் திருச்சி போய்ச் சேர்ந்தது. சர்வீஸ் சென்டரில் பெட்டியைத் திறந்து பார்த்து, "தண்ணி போயிருக்கு சார், வாரண்டி கிடையாது" என்றார்கள். மஞ்சள் தண்ணீருக்கு முன்பு மூன்று தடவை விக்கியதே, அது எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். மேனேஜர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். இன்னும் திரும்பவில்லை. புது வண்டிக்குப் பூசை போடாத தெரு நம் ஊரில் உண்டா? ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தாங்காத பெட்டியை இந்த ஊரில் ஏன் விற்கிறார்கள்?

உங்களுக்குச் சொல்வது இதுதான். பூசையை டயரோடு நிறுத்துங்கள். வண்டி முதல் தடவை விக்கும்போதே, என்ன கோளாறு காட்டியது என்று எழுதி வாங்குங்கள். வெறும் அப்டேட் என்றால் நம்பாதீர்கள். கல்லல் சாலையில் ரயில்வே கேட்டுக்கு என்று கூடுதலாகக் கால்மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி முறுக்கு வழியில் உடையாது, நான் குலுக்கிச் சோதித்துவிட்டேன். இதற்கெல்லாம் மேல் வண்டி மக்கர் செய்தால், பிரேக்கை மிதிக்க ஒரு பங்காளி முன்கூட்டியே போய் இறங்கியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.