கன்சர்வுக்கும் ப்ரிசர்வுக்கும் நடுவே ஒரு ரெஸ்ட்ரூம்

புது பெயின்ட் வாசனை. அதன் மேல் ஃபினாயில். காற்று திரும்பினால், ஷூ ஒட்டும் பசை...

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. எம்.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு அங்கே எச்.ஆர். அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். கொடுத்த முதல் வேலை: ஸ்டிச்சிங் ஹாலை ஒட்டிப் பெண்களுக்காகப் புதிதாகக் கட்டிய ரெஸ்ட்ரூமுக்கு ஆங்கிலத்தில் ஒரு போர்டு எழுத வேண்டும்.

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில், தொழிலாளர் வசதிகளைப் பார்க்க ஆடிட் வரவிருந்தது. அதற்காகக் கட்டிய அறை. வெள்ளை டைல்ஸ், பெரிய கண்ணாடி, வரிசையாகப் பளபளக்கும் குழாய்கள். குழாய்களின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

கதவில் பூட்டு. சாவி, அட்மின் மேனேஜரின் மேஜை டிராயரில்.

ஆடிட் முடியும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. அழுக்காகிவிடுமாம்.

ஸ்டிச்சிங் பெண்கள் பழையபடி காம்பவுண்டின் அந்தக் கோடிக்கு, பழைய ஷெட்டுக்குப் பின்னால்தான் நடந்தார்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலில். போய் வருவதற்குள் மெஷின் பக்கத்தில் வேலை குவிந்துவிடும். சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

செல்வி அக்கா ஷூவின் மேல்பாகம் தைப்பவர். என்னைக் கண்டாலே ஆரம்பிப்பார்.

"இன்னாம்மா எம்.ஏ., சாவி கெடச்சுதா?"

"கேக்குறேங்கா."

"கேளு, கேளு. பத்து மணி டீயவே வுட்டுட்டேன். கதவு தொறந்தா சொல்லு. மொதல்ல டீ குடிச்சிட்டு அப்பறமா உள்ள போறேன்."

கேட்டேன். போர்டு வாசகத்தைக் காட்டும் சாக்கில்.

'கன்சர்வ் வாட்டர்' என்று எழுதியிருந்தேன். மேனேஜர் பேனாவை எடுத்து முதல் வார்த்தையை அடித்தார்.

"ப்ரிசர்வ்னு போடும்மா. அதான் கெத்தா இருக்கு."

"சார், அது வேற, இது வேற."

"இன்னா வேற? ரெண்டும் சேமிக்கிறதுதானே?"

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த யுனிவர்சிட்டி எழுந்துகொண்டது. விளக்கினேன். கன்சர்வ் என்றால் பயன்படுத்தலாம், வீணாக்காமல், அளவாக. ப்ரிசர்வ் என்றால் கெடாமல், மாறாமல், இருப்பதை இருக்கிறபடியே வைப்பது.

"பச்சைத் தோலு அழுகாம உப்பு போட்டு வெக்கிறாங்கல்ல சார், அது ப்ரிசர்வ். தண்ணி அப்டி இல்ல. யூஸ் பண்ணணும். கம்மியா."

அவர் உண்மையிலேயே யோசித்தார்.

"அப்போ நான் சொன்னதுதான் கரெக்ட்டு. அங்க இப்போதிக்கி யாரும் எதையும் யூஸ் பண்ணப் போறதில்ல."

"சார், அந்தச் சாவி..."

"ஆடிட் முடியட்டும்."

போர்டு வந்தது. 'ப்ரிசர்வ் வாட்டர்.' நீல எழுத்து, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்ப் படம். பூட்டிய கதவின் மேலேயே மாட்டினார்கள்.

செல்வி அக்கா அண்ணாந்து பார்த்தார். "இன்னா எழுதிக்கிது?"

"தண்ணியத் தொடாதீங்கன்னு."

"அத நாங்க படிக்காமலே செய்றோம்."

ஆடிட்டர் சென்னையிலிருந்து காரில் வந்தார். தமிழ்ப் பெண்தான். மேனேஜர் உபசரிப்பில் குறை வைக்கவில்லை. வந்ததும் இளநீர். கொஞ்ச நேரத்தில் ஜூஸ். வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு, காபி.

பாவம், ஹாலைப் பாதி சுற்றியதும் அவரே கேட்டார். "ரெஸ்ட்ரூம் எங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் எத்தனை நாள் காத்திருந்தது கம்பெனி. மேனேஜர் சாவியோடு ஓடி வந்து திறப்பு விழாபோலக் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் வெளியே நின்றோம். மெஷின்கள் ஒவ்வொன்றாக மெதுவாயின.

உள்ளிருந்து குரல்.

"தண்ணி வரலையே..."

வரப் போவதும் இல்லை. டைல்ஸில் ஈரம் படக் கூடாதென்று மேல்தொட்டியில் தண்ணீரே ஏற்றவில்லை.

ஆடிட்டர் வெளியே வந்தார். இரண்டு கையிலும் ரோஸ் கலர் சோப்பு, கொழகொழவென்று. நிமிர்ந்து போர்டைப் படித்தார்.

"எழுதிப் போட்ட மாதிரியே நடந்துக்கிறீங்க சார்."

"தேங்க்யூ மேடம்" என்றார் மேனேஜர்.

செல்வி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"வாங்க மேடம், நாங்க போற எடத்துக்குப் போலாம். கொஞ்சம் தூரம். அவசரம் இல்லியே?"

"அவசரம்தான்."

"எங்களுக்கும் அப்டித்தான் மேடம். நடங்க."

வெயிலில் நடந்தார்கள். சோப்புக் கைகள் எதிலும் பட்டுவிடாமல் முன்னால் நீட்டியபடி ஆடிட்டர். பக்கத்தில் செல்வி அக்கா. பின்னால் குடையோடு மேனேஜர். பாதி வழியில், தான் எங்கே போகிறோம் என்பது உறைத்து, நின்றுவிட்டார்.

திரும்பி வந்த ஆடிட்டர் எதுவும் விளக்கம் கேட்கவில்லை. "பூட்ட எடுத்துடுங்க. நான் இருக்கும்போதே" என்றார்.

அன்று மாலையே தொட்டி நிறைந்தது.

ஒரே மாதம்தான். கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. குழாய்க்குக் குழாய் கசிவு. ஜன்னல் கம்பியில் யாருடையதோ சீப்பு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இறந்த வீட்டுக் குரலில், "பாத்தியாம்மா..." என்றார்.

உள்ளே ஒரே சத்தம். யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறார், யாருக்குப் பேரணாம்பட்டில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், யார் இவ்வளவு நேரமாக உள்ளேயே இருக்கிறாள்... சீக்கிரம் வாடி, லைன் நிக்கிது... நானும் காரணமே இல்லாமல் போய்க் கை கழுவிவிட்டு வருவேன்.

இப்போது சென்னையில், கண்ணாடிக் கட்டிடம் ஒன்றின் ஏழாவது மாடியில் வேலை. குழாயில் சென்சார். கையை நீட்டினால் தண்ணீர், எடுத்தால் நின்றுவிடும். ஒரு சொட்டு வீணாகாது. என் அகராதிப்படி அசல் கன்சர்வ்.

போன வாரம் எவ்வளவு ஆட்டியும் அது என் கையைக் கண்டுகொள்ளவில்லை. "இன்னா பேஜாரு, வர மாட்டேங்குது பாரு" என்றேன், வாய்விட்டு.

அடுத்த குழாயில் நின்ற பெண் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்பட்டைக் கழற்றினாள்.

"சாரி?"

ஒன்றுமில்லை என்றேன். திரும்ப மாட்டிக்கொண்டாள்.