அம்மாவின் பக்கத்து இடம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் பெரியம்மா மகளை நான் மனதார வெறுத்தேன். அந்த அக்கா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் வேலை. ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டது. வலிக்குக் கொடுத்த மாத்திரை வலி போன பிறகும் நிற்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மாத்திரை கிடைக்காத நாளில் வியர்த்து நடுங்கினாள். டாக்டர் இனி கிடையாது என்றதும் எங்கிருந்தோ வாங்கினாள். அப்பா கண்டுபிடித்து, மலைக்குக் கீழே ஈப்போ மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்து அம்மா வந்தபோது அவளுடைய சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. எனக்கு, அம்மாவுக்கு முதுகுவலி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் ரிங்லெட்டிலிருந்து அக்கா உதவிக்கு வந்தாள். பதினாறு வயது. கஞ்சி வைத்தாள், அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். அம்மா தினமும் காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா கிளினிக்குக்குப் போய், நர்ஸ் மிஸ்ஸியின் கண்முன் மாத்திரைப் பழக்கத்தை விடவைக்கும் மருந்தைக் குடித்துவிட்டு வருவாள். மதியம் அவள் படுக்கும்போது அக்காவும் கூடப் படுத்துக் கால் பிடித்துவிடுவாள். நான் அறை வாசலைத் தாண்டக் கூடாது. அம்மாவின் உடம்புக்கு நோயை எதிர்க்கும் சக்தி இன்னும் திரும்பவில்லை, சளி காய்ச்சல் உள்ளவர்கள் நெருங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த மலைக்குளிரில் எனக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அக்கா, எங்கள் தோட்டத்துக் கங்காணி வயிற்றைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குவதை நடித்துக் காட்டினாள். அம்மா சிரித்தாள். பாதியிலேயே நின்றுபோன சின்னச் சிரிப்பு. ஆனாலும் சிரிப்பு. அதற்கு முந்திய வாரம் முழுவதும் நான் வாசலில் நின்று பாடிப் பார்த்திருந்தேன். விடுமுறைக்கு முன் கணக்கில் நூறு புள்ளி வாங்கிய தாளைத் தூக்கிக் காட்டியிருந்தேன். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "ம், நல்லாருக்கு" என்றாள். இருக்கிற சிரிப்பையெல்லாம் அக்காவுக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் குழாயடியில் மூக்கைச் சிந்தி, பச்சைத்தண்ணீரில் முகம் கழுவிவிட்டு அப்பாவிடம் போனேன். எனக்குச் சளி விட்டுவிட்டது, அக்காதான் இப்போது இருமிக்கொண்டே இருக்கிறாள் என்றேன். அக்கா இல்லவே இல்லை என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. அப்பா அவளைக் கூடத்துக்கு மாற்றினார்.

மூன்று மதியங்கள் நான் அம்மாவின் பக்கத்தில் படுத்தேன். முதல் நாள் அவள் என் நெற்றியில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை. பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் தும்மலை விழுங்கினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

நான்காம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். வாரக் கடைசியில் மூச்சுவிடவே சிரமப்பட்டாள். நிமோனியா என்று தானா ராத்தா மருத்துவமனையில் சேர்த்தார்கள். திரும்பி வந்த அப்பா அக்காவிடம், "இருமல் இருந்தா சொல்லியிருக்கலாம்லா" என்றார். குரலை உயர்த்தவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். துணிகளைப் பையில் அடுக்கினாள். பெரியப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் என்னைப் பார்க்க விட்டார்கள். அம்மா மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா மிஸ்ஸியோடு பேச வெளியே போன சமயம், "இருமுனது அக்கா இல்லம்மா. எனக்குத்தான் சளி" என்றேன்.

"தெரியும். ஒன் நெத்தி கொதிச்சுச்சு" என்றாள் அம்மா.

ஏன் தள்ளிப் படுக்கச் சொல்லவில்லை என்று கேட்டேன். மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாசக்கணக்கா எதத் தொட்டாலும் கட்டையத் தொட்ட மாதிரிதான் இருந்துச்சு, பாப்பா. சோறும் அப்படித்தான், நீ பாடுனதும் அப்படித்தான். அன்னிக்கு ஒன் சூடு எனக்குத் தெரிஞ்சுச்சு. விட மனசு வரல." கொஞ்ச நேரம் கழித்து, "அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்றாள்.

திரும்பும் வழியில் அப்பாவிடம் சொன்னேன். ஒரு ஸ்ட்ராபெரி கடை முன்னால் மோட்டாரை நிறுத்தினார். பிறகு அக்காவை அழைத்து, போனை என் கையில் கொடுத்தார். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு அவள், "சரி, ஞாயித்துக்கெழம வரேன். நீ பசியாறுனியா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா பிழைத்து வந்தாள். கிளினிக் மருந்து குறைந்து குறைந்து நிற்க மேலும் இரண்டு வருடம் ஆனது. இப்போது நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாள். சளி பிடித்தால் எல்லோரையும்போல மூன்று நாளில் எழுந்துவிடுகிறாள். அந்த மாத்திரைகள் வலியோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும், மூளையில் சந்தோஷம் ஊறும் இடத்தையும் மரத்துப்போகச் செய்யும், இரண்டும் திரும்பிவர மாதங்கள் ஆகும் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

அன்று அப்பாவின் முதுகில் சாய்ந்து வந்த எனக்கு அது எதுவும் தெரியாது. யாருக்குமே கொடுக்க அம்மாவிடம் அப்போது இல்லாத ஒன்றைத்தான் நான் கேட்டு நின்றிருந்தேன் என்பது தெரியாது. எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் அம்மா அணைத்தது என்னை, அக்காவை அல்ல என்று நினைத்து, கண்ணீர் காயுமுன்பே வழியெல்லாம் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்தேன்.