சொந்தமாயிட்டு ஒரு சைக்கிள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். சித்தி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரையின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, கூரையைப் பார்த்து நின்ற இரண்டு தடித்த குழாய்கள். காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவில் ஒரு சைக்கிள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் இருந்தது. முன்சக்கரம் இல்லை.

தொண்ணூற்றேழு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அது. எனக்குப் பத்து வயது. கேரளாவில் பாறசாலைக்குத் தெற்கே எங்கள் வீடு. பஸ்ஸில் பத்து நிமிடம் போனால் தமிழ்நாடு. அப்பா அம்பூரியில் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வீட்டிலிருந்த அறுபது மரங்களில் அம்மா பால் வெட்டினாள். அம்மாவின் தங்கையான சித்தி பிளஸ் டூ முடித்ததிலிருந்து எங்களோடு இருந்துகொண்டு அண்டி ஆபீசுக்குப் போய்வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அங்கே மேஜையும் இல்லை, நாற்காலியும் இல்லை. கொட்டையின் எண்ணெய் பட்டு அவளுடைய பத்து விரல் நுனிகளும் கறுத்திருந்தன.

முந்தைய நாள் ஒரு கடிதம் வந்திருந்தது. தபாலாபீசில் கடிதம் விநியோகிக்கும் வேலைக்குச் சித்தி மனுப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரில் வரவேண்டும் என்று மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். அம்மாவும் சித்தியும் எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். மலையாளத்தில் பேசுவார்கள், விலை பேசுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள். எழுத்து மட்டும் ஓடாது. நான் மலையாளம் மீடியம். கரண்ட் பில்லிலிருந்து கல்யாணக் குறி என்கிற அழைப்பிதழ் வரை வீட்டுக்கு வரும் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். இந்தக் கடிதத்தையும் நானே வாசித்து, "சொந்தமாயிட்டு சைக்கிள் வேணுமாம், ஓட்டவும் தெரியணுமாம்" என்று அறிவித்தேன்.

சித்திக்கு ஓட்டத் தெரியும். சைக்கிள்தான் இல்லை.

புகைப்புரையில் தொங்கியது மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்ஃபிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது. குண்டும் குழியும் தெரியாமல் இருக்க முன்ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஸ்பிரிங் இருந்தது. குழியெல்லாம் தெரியாமல்தான் மாமா ஓட்டினார். ஒருநாள் கலுங்குச் சுவரும் தெரியவில்லை. முன்சக்கரம் பொரித்த பப்படம்போல் ஆனது. மாமா திரும்ப விமானம் ஏறிவிட்டார்.

எட்டு மணிக்கு நாங்கள் சைக்கிள் கடையில் இருந்தோம்.

"பிள்ளே, இது சைக்கிளா மோட்டார் சைக்கிளா? முன்னால ரெண்டு பம்பு வச்சிருக்கு" என்றார் கடைக்காரர்.

"ஸ்பிரிங் ஆக்கும் அண்ணா. இதுக்குச் சக்கரம் உண்டுமா?"

"இருபத்தாறு இஞ்சு இப்ப கையில இல்ல. திருவனந்தபுரத்துல இருந்து வரணும். ஒரு வாரம் ஆவும்."

"எனக்குத் திங்கக்கிழமை ஒம்பதரைக்கு வேணும்."

அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, கோழிக்கூட்டின் மேல் பிளாஸ்டிக் பறக்காமலிருக்க வைத்திருந்த சக்கரத்தை எடுத்தாள். உடைந்துபோன அப்பாவின் பழைய சைக்கிளின் முன்சக்கரம் அது, இருபத்தெட்டு அங்குலம். கோழி எச்சத்தைச் சாம்பல் போட்டுக் கழுவி, தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

சக்கரம் ஃபோர்க்குக்குள் ஏறவில்லை. ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இணைத்து, டயருக்கு மேலே ஒரு வளைந்த இரும்புப் பாலம் இருந்தது. டயர் அதில் முட்டி நின்றது. "சக்கரம் பெருசு, வாசல் சிறுசு. விட்டுடு பிள்ளே" என்றார் கடைக்காரர். சித்தி குனிந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணா, இத நாலு ஸ்குரூ போட்டுதானே மாட்டியிருக்கு? கழத்திட்டு மேல பொக்கி மாட்டினா?"

கடைக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார், பாலத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்தார். பக்கத்துக் கிரில் பட்டறையிலிருந்து ஒரு பட்டை இரும்பு வாங்கி, சூடாக்கி, கவிழ்த்த 'ப'போல வளைத்து, பழையதைவிட மூன்று விரல் உயரமாகப் பூட்டினார்கள். அச்சின் இரண்டு பக்கமும் வாஷர் போட்டதும் சக்கரம் உட்கார்ந்தது. சுற்றிவிட்டோம். எதிலும் தொடாமல் சுற்றியது. முன்பிரேக்கின் கட்டைகள் பெரிய ரிம்முக்கு எட்டவில்லை. அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

பகல் பதினொன்றரைக்கு முதல் ஓட்டம். நான் முன் கம்பியில் உட்கார்ந்தேன். சாலையோரம் சிலுவை நிற்கும் குருசடியைத் தாண்டிய இறக்கத்தில் ஒரு குழி உண்டு. சக்கரம் அதில் இறங்கியது, சக் என்று ஒரு சத்தம். சைக்கிள் நின்றுவிட்டது, நாங்கள் நிற்கவில்லை. மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டத்தில் போய் விழுந்தோம்.

சித்தியின் முட்டியிலிருந்து ரத்தம் வந்தது. அவள் முட்டியைப் பார்க்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து, ஃபோர்க்கின் தலைப்பகுதியில் டயர் உரசிய கறுப்புத் தடத்தை விரலால் தொட்டாள்.

"நிக்கும்போ இடிக்கல மக்கா. ஸ்பிரிங் அமுங்கும்போதாக்கும் மேல போய் இடிக்குது."

"அப்ப ஸ்பிரிங் அமுங்காம இருந்தா?" என்றேன். அமுங்குவதற்காகவே செய்த சாமானைப் பற்றித்தான் அப்படிக் கேட்டேன். சித்தி என்னை மதிப்போடு பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. அண்டி ஆபீசில் அவளை யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மறுநாள் கடைக்காரர் ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டியோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தைய நாள் காலையில் விட்டுடு என்றவர், இப்போது சொல்லாமலே வந்து நின்றார். இரண்டு கால்களின் மூடியையும் திறந்தார். உள்ளே அடுக்கியிருந்த மஞ்சள் ரப்பர் துண்டுகள் அவித்த மரச்சீனிபோல் உதிர்ந்தன. பழைய டியூபைச் சுருட்டிப் போட்டுப் பார்த்தார். சித்தி ஹேண்டிலை அழுத்தியதும் டயர் மறுபடி தலையில் முட்டியது.

"இது போராது. கெட்டியா வேணும், எம்பவும் செய்யணும்" என்றார்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. ரப்பர் மரத்தின் வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை நாடாபோல் உரித்தெடுப்பார்கள். ஒட்டுப்பால் என்று பெயர். அதைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வது எங்கள் பள்ளியில் எல்லோரும் செய்கிற காரியம். என் பந்து ஒரு வருடம் சுற்றியது. சின்னத் தேங்காய் அளவு. ஓங்கி அடித்தால் பள்ளிக்கூட ஓட்டுக்கு மேலே போய்வரும். ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு முறை திருட முயன்று தோற்றிருந்தார்கள். அந்தப் பந்து அப்போது கதவோரம் கிடந்தது. சித்தி அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் பட்ட சிரமத்தை நான் பார்த்தேன்.

பந்தை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தரையில் ஒருமுறை தட்டினார். அது அவருடைய நெற்றிக்கு வந்தது.

"எலே, இது மருந்தாக்கும்!" என்றார்.

பால் வெட்டும் கத்தியால் அம்மா பந்தை நான்காகப் பிளந்தாள். துண்டுகளை இழுத்து, கட்டைவிரல் தடிமனில் உருட்டி, பழைய குடைக்கம்பியால் குத்திக் குத்தி இரண்டு கால்களிலும் இறக்கினோம். இனி இறங்காது என்றதும் கடைக்காரர் மூடியைத் திருகினார். ஒட்டுப்பாலுக்கு ஒரு நாற்றம் உண்டு; பிறந்ததிலிருந்து அதிலேயே இருந்த எங்களுக்கே மூக்கைப் பொத்தவேண்டி வந்தது. மத்தியானம் வந்த அப்பா, வாசலில் நின்று, "சைக்கிளுக்குள்ள என்னமோ செத்துக் கிடக்கு" என்றார்.

மூன்று மணிக்கு அதே குருசடி, அதே இறக்கம். என்னை ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சித்தி தனியாக இறங்கினாள். பின்பிரேக் மட்டும்தான். குழியை அவள் விலக்கவில்லை. நேராக அதற்குள் விட்டாள். சைக்கிள் ஒரு முறை எம்பி, இறங்கி, ஓடியது. வளைவில் திரும்பி மேலே வந்து மறுபடி விட்டாள். பத்து முறை எண்ணினேன். பதினோராவது முறை அப்பாவும் கைதட்டினார்.

திங்கட்கிழமை எனக்கு வயிற்றுவலி; பள்ளிக்கூடம் முடியாது, தபாலாபீஸ் வரை போகமுடியும். முன் கம்பியில் என்னை வைத்துச் சித்தி ஒன்பது இருபதுக்கு அங்கே போய் இறங்கினாள். மணி இல்லாததால் வழியெல்லாம் நான் 'ட்ரிங் ட்ரிங்' என்று கத்தினேன். வேறு இரண்டு ஆண்கள் வந்திருந்தார்கள். இருவரும் நடந்தே வந்திருந்தார்கள். சைக்கிள் இல்லாமல் வந்த அவர்களைப் பார்த்ததும் வேலை எங்களுக்குத்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்து எங்கள் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதெந்தா குட்டி?"

"ஸ்பிரிங் ஆக்கும் சாரே. கல்ஃப்."

அவர் ஹேண்டிலில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். ஃபோர்க் ஒரு நெல்லளவுகூட இறங்கவில்லை. "கொள்ளாம். நல்ல ஸ்பிரிங்" என்றார். பிறகு மூக்கைச் சுருக்கினார். "எந்தோ ஒரு நாற்றம் உண்டல்லோ."

"புதுசு சாரே, அதனாலயாக்கும்" என்றாள் சித்தி.

அவர் கொடுத்த தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறக்கத்தில் போய், ரயில்வே கேட்டில் திரும்பி, ஏற்றத்தில் இறங்காமல் மிதித்து வந்து நின்றாள். வியர்வை வழிந்தது. முட்டியின் கட்டு நனைந்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார். அடுத்து, தூணில் சாய்த்திருந்த சிவப்புச் சைக்கிளை மற்ற இருவருக்கும் மாறி மாறிக் கொடுத்தார். ஒருவர் ஏற்றத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். மற்றவர் கேட்டிலேயே காலை ஊன்றிவிட்டார். கடிதத்தில் சொன்னதைச் செய்யாமல் வந்தவர்களுக்கும் இரக்கப்படுகிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. அதையும் நானே வாசித்தேன். சித்தி என்னைத் தூக்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள். ஈஸ்டருக்குள் அவளுடைய விரல்களில் கறுப்பு போய்விட்டது. அந்தச் சைக்கிளில் ஒன்பது வருடம் கடிதம் கொடுத்தாள். வழியில் யார் கேட்டாலும் நிறுத்தி, ஸ்பிரிங்கை அழுத்திப் பார்க்கச் சொல்வாள். எல்லோரும் அழுத்திப் பார்த்து, நல்ல ஸ்பிரிங் என்றார்கள்.

போன வருடம் அம்மாவின் தகரப் பெட்டியில் அந்த முதல் கடிதம் கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்துத் தெளிவாக இருந்தது. 'ஸ்வந்தமாயி சைக்கிள் சவிட்டான் அறிஞ்ஞிரிக்கணம்' என்றது மூன்றாவது வரி. யாரும் பிடிக்காமல், தானாகவே சைக்கிள் மிதிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். நான்காவது வரியில், ஓட்டிக்காட்ட அலுவலகத்துச் சைக்கிள் தரப்படும் என்று இருந்தது.